மலையேறும் மோட்டாரும் நம் நாட்டுக் காற்றும்

ஆரணிப் பட்டணத்துக்குள் ரயில் வண்டி வருவதில்லை. ‘ஆரணி ரோடு’ என்ற பெயர் தாங்கிய ஸ்டேஷன் விழுப்புரம் – காட்பாடி மார்க்கத்தில் களம்பூரில் இருக்கிறது. ஆகவே கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூரின் பட்டுச் சேலைகளும், அரிசி மூட்டைகளும், கலியாணத்துக்குச் சேலை எடுக்க வரும் குடும்பங்களும் மோட்டாரையே நம்பியிருக்கின்றன. மோட்டார் இருமினால் ஊரின் வியாபாரமும் சேர்ந்து இருமும். இப்படிப்பட்ட ஓர் ஊரில், மோட்டார் யந்திரத்துக்கும் காற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை அறியாத காரணத்தால் ஒரு யோக்கியமான மனிதருக்கு நேர்ந்த அநியாயத்தை நாம் அறிவோம். அதை முதலில் கூறிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவது உசிதமென்று நினைக்கிறோம்.

1990களின் பிற்பகுதியில் ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவர் தம் பழைய பெட்ரோல் காரில் சேலைக் கட்டுகளை ஏற்றி, உதகமண்டலத்துக் கடைகளுக்கு அனுப்பி வைத்தார். காரை ஓட்டியவர் இருபது வருஷங்களுக்கு மேல் அவரிடம் வேலை பார்த்த டிரைவர். சேலம், மேட்டுப்பாளையம் வழியாகச் சென்ற வண்டி, மலைப்பாதையில் குன்னூரைத் தாண்டியதும் கரும்புகை கக்கியது, இழுக்க மறுத்தது, நின்ற இடத்தில் எஞ்சின் தானாகவே அணைந்தது. உதகையில் ஒரு ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றிப் போட்டார்கள். வண்டி குதிரைபோல் ஓடிற்று. டிரைவரும் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினார். திரும்பிய காலம் மே மாதம். ஒரு வாரத்துக்குள் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது, கார்புரேட்டர் வழியாகப் பின்வெடி வெடித்தது, கடைசியில் ஒரு வால்வு எரிந்து போயிற்று. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து காசு பார்த்திருக்கிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். உள்ளூர் மெக்கானிக்கும் அதற்குத் தலையசைத்தார். பழுது பார்த்த செலவு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. சில மாதங்களில் டிரைவர் வேலையை விட்டு விலகினார். அம்மனிதர் ஒரு சொட்டு எண்ணெயும் கலக்கவில்லை. மலையிலும் சமவெளியிலும் அவரை ஏமாற்றியது காற்று.

காற்று எவ்விதம் ஏமாற்றும் என்று சிலர் நகைக்கலாம். மோட்டார் வண்டி பெட்ரோலால் ஓடுகிறது என்றே நாம் எல்லோரும் பேசி வருகிறோம். உண்மையில் அது உட்கொள்ளும் ஆகாரத்தில் பெரும்பங்கு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆகையால் அது நம் கண்ணில் படுகிறது. காற்று இலவசமாக வருகிறது. ஆகையால் அதை நாம் எண்ணுவதே இல்லை.

அந்தக் காற்றுக்கு எடை உண்டு என்பதும், அவ்வெடை இடத்துக்கு இடம் மாறும் என்பதும் புதிய கண்டுபிடிப்பல்ல. இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் 1643ல் பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளந்தார். பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் என்ற பேரறிஞர் தம் மைத்துனரான பெரியே என்பவரைக் கேட்டுக்கொள்ள, அவர் 1648ம் வருஷம் செப்டம்பர் 19ம் தேதி அதே மாதிரிக் குழாயைப் புய் த தோம் என்ற மலையுச்சிக்குத் தூக்கிச் சென்றார். அடிவாரத்தில் நின்ற மட்டத்தைவிடப் பாதரசம் ஏறத்தாழ மூன்று அங்குலம் இறங்கி நின்றது. மேலே செல்லச் செல்ல நம் தலைமீதுள்ள காற்றின் பாரம் குறைகிறது என்பது அன்று ருசுவாயிற்று. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் சுமார் 580 மில்லிமீட்டரே நிற்கும். அங்கே ஒரு கன மீட்டர் காற்றை நிறுத்தால் அதன் எடை சமவெளிக் காற்றில் ஐந்தில் நான்கு பங்குதான். பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும்.

எஞ்சினின் சிலிண்டர் ஒரு படி போன்றது. படி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு காற்றையே ஒவ்வொரு முறையும் அது முகந்து கொள்ளும். ஆரணிச் சந்தையில் ஒரே படியில் நெல்லையும் அளக்கலாம், உமியையும் அளக்கலாம். அளவு ஒன்றுதான், எடை வேறு. மலைக்காற்று உமியைப் போன்றது. ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலையும் எஞ்சின் எரிக்க முடியாமற் போகிறது. அந்த அளவுக்குச் சக்தியும் போய்விடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு நூற்றுக்குப் பத்து என்று உத்தேசமாகக் கொள்ளலாம். மலைப்பாதையில் அதிக சக்தி தேவைப்படும் சமயத்திலேதான் இந்த நஷ்டம் ஏற்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான நஷ்டம். கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்கு இதன்மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. கார்புரேட்டர் என்பது இடை குறுகிய ஒரு குழாய். அந்த இடுக்கு வழியாகக் காற்று வேகமாகச் செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; குறையவே ஜெட் என்ற நுண்ணிய துவாரத்தின் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. இந்தச் சாதனத்துக்குக் காற்றின் வேகந்தான் தெரியும்; எடை தெரியாது. காற்று லேசாகும்போது அது உறிஞ்சும் பெட்ரோலும் குறையத்தான் செய்கிறது. ஆனால் காற்றின் எடை குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதன் வர்க்க மூலத்தின் அளவுக்கே குறைகிறது. கணக்குப் பார்த்தால், காற்றின் எடை ஐந்தில் நான்காகும் இடத்தில் கலவையில் பெட்ரோலின் விகிதம் நூற்றுக்குப் பன்னிரண்டு வரை கூடிவிடுகிறது. எரியாத பெட்ரோல் கரும்புகையாகிறது, பிளக்கில் கரி படிகிறது, எஞ்சின் மந்தமாகிறது, மைலேஜ் விழுகிறது. குன்னூருக்கு மேலே அந்த வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

உதகை மெக்கானிக் செய்ததும் சரியான காரியமே. மலைக்கு ஏற்றபடி சிறிய ஜெட்டைப் போட்டார். எவ்வளவு சிறியது என்பதை வாசகர்கள் அறிந்தால் வியப்படைவார்கள். 1.20 மில்லிமீட்டர் துவாரமுள்ள ஜெட்டுக்குப் பதிலாக 1.15 மில்லிமீட்டர் துவாரமுள்ள ஜெட்டைப் போட்டால், பெட்ரோல் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பாகம். ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம்: 20/22 டெனியர் கச்சாப் பட்டு இழை ஒன்றின் கனம் அவ்வளவுதான். அந்த ஓர் இழைக் கனத்தில் வண்டி மலையேறுவதும் ஏறாமற் போவதும் அடங்கியிருக்கிறது. அதே ஓர் இழைக் கனத்தில் ஒரு டிரைவரின் மானமும் அடங்கியிருந்தது. ஏனெனில் மலைக்குப் பொருத்தமான அந்த ஜெட், கனத்த காற்றுள்ள சமவெளிக்கு வந்தவுடன் பெட்ரோல் போதாத கலவையைக் கொடுத்தது. அவ்விதமான கலவை மெதுவாக எரியும். எரிந்து முடியுமுன் வெளிவால்வு திறந்துகொள்ளும். நெருப்பு வால்வின்மேல் பாயும். மெக்கானிக், “சமவெளிக்கு இறங்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னாரோ, சொல்லியும் இவர் காதில் விழவில்லையோ, அறியோம்.

நிற்க. உயரம் ஒன்றுதான் காற்றை லேசாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உஷ்ணமும் லேசாக்கும். இவ்விடத்தில் ஆரணிக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. ஆரணி கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி ஊர். வேலூர், ஆரணிப் பகுதிகளில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். 42 டிகிரி உஷ்ணத்தில், கோடையில் சற்றுத் தாழ்ந்து நிற்கும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆரணிக் காற்றின் கனம் சர்வதேச அளவுகோலின்படி சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள காற்றின் கனமாக ஆகிறது. அதாவது, பதினான்கு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து நாம் ஏறிச் செல்லும் ஏலகிரி மலையின் உயரம் அது. சித்திரை வெயிலில் ஆரணிக் கடைத்தெருவில் நிற்கும் மோட்டார், எஞ்சினின் கணக்கில், மலையுச்சியில் நிற்கிறது. குளிர்ச்சி மட்டுந்தான் இல்லை!

அந்தச் சர்வதேச அளவுகோல் என்ன என்று கேட்பது நியாயம். கடல் மட்டத்தில் 15 டிகிரி உஷ்ணம், 760 மில்லிமீட்டர் அழுத்தம், ஈரமே இல்லாத காற்று – இதுவே உலகெங்கும் விமானங்களுக்கும் யந்திரங்களுக்கும் ‘திட்டக் காற்று’ என்று வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இது ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இருக்கும் மத்திம அட்சரேகைகளின் காற்று. ஆரணியிலோ திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ நண்பகலில் 15 டிகிரியைக் கண்டவர் யார்? பொது அளவு ஒன்று வேண்டியதுதான். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்நிய நாட்டுக் காற்றில் எழுதிய சக்திக் கணக்கை நம்பி வண்டி வாங்குகிறவன், அது நம் காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறையும் என்பதை அறிந்து வாங்க வேண்டாமா? இவ்விஷயத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் தூங்கிவிடவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அனந்தசயனம், ரொத்தம் நரசிம்மா ஆகிய இருவர், உஷ்ண மண்டலத்துக்குரிய இந்தியத் திட்டக் காற்று ஒன்றை வகுத்து 1979ல் முன்மொழிந்தனர். நம் பாடசாலைப் புத்தகங்களில் அச்செய்தி இடம்பெற வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

உஷ்ணம் செய்யும் வேறொரு சேஷ்டையையும் பழைய அம்பாஸடர் காரின் சொந்தக்காரர்கள் நன்கு அறிவார்கள். 1950களின் இறுதி முதல் 2014 வரையில் வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான அந்தக் கார், கோடையில் நடுவழியில் நின்றுவிட்டால் டிரைவர் இறங்கி, ஈரத்துணி ஒன்றை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவார். பக்கத்தில் நிற்பவர்கள் இதை ஏதோ மந்திர தந்திரம் என்று நினைத்ததுண்டு. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. துணியிலுள்ள நீர் உலர்கையில் பம்பு குளிரும், ஆவி மீண்டும் பெட்ரோலாகும், வண்டி புறப்படும். மண்பானையில் தண்ணீர் குளிரும் தத்துவமே இது. அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட டிரைவர் அநேகமாக ஒருவரும் இரார்.

இனி மழைக்காலத்தைப் பார்ப்போம். ஈரக்காற்று கனமானது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அது தவறு. நீராவி, காற்றைவிட லேசானது. காற்றில் ஈரம் புகும்போது அது பிராணவாயுவை இடம்பெயர்த்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி அடைமழையில் 27 டிகிரி உஷ்ணத்தில் ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கும் காற்றில், நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நீராவியாகவே இருக்கும். எஞ்சினுக்கு அவ்வளவும் நஷ்டம். லாபம் ஒன்றும் உண்டு: ஈரம் எரிதலின் வேகத்தைச் சற்றுத் தணிப்பதால், எஞ்சின் ‘தட்டுகிற’ ஓசை குறைகிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் தம் வண்டி பட்டுப்போல் ஓடுகிறது என்று சிலர் சொல்வது வெறும் பிரமையல்ல. ஆனால் பழைய வண்டிகளில் அதே ஈரம் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் புகுந்து மின்பொறியைத் திருடிவிடும். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பதே முதல் வைத்தியம்.

தறிக்காரர்களுக்குக் காற்றின் ஈரத்தைப் பற்றி நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. பட்டு இழை, காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். பட்டு வியாபாரத்தில் நூற்றுக்குப் பதினொன்று ஈரம் என்று ஒப்புக்கொண்டு எடை போடுவது உலக வழக்கம். மழைக்காலத்தில் நிறுத்து வாங்குகிறவன் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வறண்ட கோடைக்காற்றில் இழை அறுகிறது. குழித்தறியின் குழி, பூமியின் ஈரத்தை இழைக்குக் கொடுத்துக் காக்கிறது. அதே குழியில் மழைக்காலத்தில் ஊற்றுநீர் ஊறித் தறியை நிறுத்திவிடுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். இழை அறுந்தால் நெய்கிறவனைக் குற்றம் சொல்லுமுன், “இன்று காற்று எப்படி?” என்று கேட்கிற ஊர் ஆரணி. அந்தக் கேள்வியை மோட்டார் விஷயத்திலும் ஒருவர் கேட்டிருந்தால், மேலே கூறிய டிரைவர் வேலையை விட்டு விலகியிருக்க மாட்டார்.

மலைச்சிகரத்தில் யந்திரம் திணறுவதைக் கண்டு மனிதர் சும்மா இருந்துவிடவில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும் யோசனையை ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூக்கி 1905ல் பதிவு செய்தார். டர்போ என்று இன்று பெயர் சொல்லப்படும் சாதனம் இதுவே. அமெரிக்காவில் ஸான்போர்ட் மாஸ் என்ற எஞ்சினியர் 1918ல் லிபர்டி என்னும் விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லாரியில் ஏற்றிச் சென்று சோதித்தார். தரையில் 350 குதிரைச் சக்தி கொடுத்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356 கொடுத்தது. மலை அந்த யந்திரத்துக்கு இல்லாமலே போய்விட்டது! இன்று நம் ஊர் டீஸல் கார்களிலும் லாரிகளிலும் அச்சாதனம் சாதாரணமாகிவிட்டது.

நம் தேசத்துக்கு இது வெறும் சௌகரியப் பிரச்னையன்று. 1948ம் வருஷம் நவம்பர் 1ம் தேதி, 11,500 அடி உயரமுள்ள ஜோஜி லா கணவாயில் இந்திய ராணுவத்தின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பிரவேசித்தபோது, அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரும் என்று எதிர்த் தரப்பினர் சொப்பனத்திலும் கருதவில்லை. கோவேறு கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி செல்லும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் என்பது தமிழர்கள் பெருமையோடு நினைவுகொள்ளத் தக்கது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. லடாக்கில் 19,024 அடி உயரத்தில் எல்லைப்புறச் சாலை ஸ்தாபனம் அமைத்த உம்லிங் லா சாலைக்கு, உலகிலேயே மிக உயர்ந்த மோட்டார் சாலை என்று 2021ல் கின்னஸ் சான்று கிடைத்தது. அங்கே அழுத்தம் பாதிக்கும் குறைவு. அப்பிரதேசத்துக் குளிரில் சாதாரண டீஸலே உறைந்து போவதால், மைனஸ் 33 டிகிரி வரையில் உறையாத தனி டீஸலை இந்தியன் ஆயில் 2019ல் வெளியிட்டது. அங்கே நம் சிப்பாய்களுக்கு உணவு கொண்டு செல்லும் ஒவ்வொரு லாரியும் ஜெட், டர்போ, எண்ணெய் ஆகியவற்றின் நுட்பங்களைத் தெரிந்த கைகளை நம்பியே ஓடுகிறது.

“இதெல்லாம் பழங்கதை, இப்போது கார்புரேட்டரே இல்லையே” என்று இளைஞர்கள் கேட்கலாம். வாஸ்தவம். 2000ம் வருஷத்தை ஒட்டி நம் நாட்டுப் பெட்ரோல் கார்களில் இன்ஜெக்ஷன் முறை பரவியது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. இப்புதிய முறையில் ஓர் உணர்கருவி காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. மற்றொன்று அதன் உஷ்ணத்தைப் பார்க்கிறது. இன்னொன்று புகைக்குழாயில் உட்கார்ந்து, எரியாமல் மிஞ்சிய பிராணவாயு எவ்வளவு என்று கணப்பொழுதும் சோதிக்கிறது. சிறு கம்ப்யூட்டர் ஒன்று அவற்றைக் கூட்டிப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. ஜெட்டை மாற்றும் தொல்லை ஒழிந்தது. டிரைவர்மேல் அபாண்டம் சுமத்துவதும் ஒருவாறு குறைந்தது. ஏனெனில் கோளாறு எங்கே என்பதை அப்பெட்டியே எண்ணாகச் சொல்லிவிடுகிறது.

ஆயினும் அப்பெட்டி கலவையைத்தான் சரிப்படுத்தும். இல்லாத பிராணவாயுவை உண்டாக்காது. டர்போ இல்லாத புதுக் கார் உதகையில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கவே செய்யும். “புது வண்டி, மலையில் இழுக்கவில்லை” என்று ஷோரூமில் சண்டை பிடிக்கும் சொந்தக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். ஏற்றத்தில் தாழ்ந்த கியரை முன்கூட்டியே போட்டு, எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, ஏ.ஸி.யை நிறுத்திவிட்டால் பாதிக் குறை தீரும்.

பழைய வண்டிகளை இன்னும் வைத்திருப்போர் நம் ஜில்லாவில் பலர். அவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கணக்கு சேர்ந்திருக்கிறது. 2025ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டிவிட்டது. கரும்பையும் தானியத்தையும் கொண்டு எரிபொருள் செய்து, அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தைக் குறைப்பது நல்ல நோக்கமே. ஆனால் எத்தனாலில் பிராணவாயு முன்னமேயே கலந்திருப்பதால், இக்கலவைக்குத் தேவையான காற்று குறைவு, 14.7க்குப் பதிலாகச் சுமார் 13.5 போதும். இன்ஜெக்ஷன் வண்டி இதை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். பழைய ஜெட்டை வைத்திருக்கும் கார்புரேட்டர் வண்டிக்கோ, நூற்றுக்கு எட்டுப் பங்கு பெட்ரோல் போதாமற் போனதாகவே ஆகும். மலைக்கு ஏற்ற ஜெட்டோடு ஆரணியில் ஓடிய அந்தக் காரின் நிலைமையே கிட்டத்தட்ட இதுவும். வேடிக்கை என்னவென்றால், அதே பழைய வண்டி உதகைக்குச் சென்றால் மலையின் மிகுதியும் எத்தனாலின் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, முன்னைவிடச் சுகமாகவே ஓடக்கூடும். ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலில் ஊறிக் கெடுவது வேறு விஷயம். அவற்றை மாற்றியே தீர வேண்டும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், மழைக்காலத்தில் வண்டியை டாங்கி அரைகுறையாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாகாது.

இத்தகைய விவரங்களைப் பழைய வண்டிக்காரர்களுக்குத் தமிழில் எழுதி ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் ஒட்டி வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? எண்ணெய்க் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் அது ஒரு தூசியே. எழுதுகிறவர்கள் ‘கலவை’ என்பது என்ன, ‘ஜெட்’ என்பது எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு படிக்கும் மாணவர்களுக்கு உயரம், உஷ்ணம், ஈரம் ஆகிய மூன்றையும் பற்றிய பாடத்தை, ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஒரு பழைய வண்டியை ஓட்டிச் சென்று காட்டினால் அரை நாளில் முடிந்துவிடும். நமக்கு மலைகளுக்குக் குறைவில்லை. ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் சென்றுவர ஒரு பகல் போதும். அடிவாரத்தில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்து, மேலே சென்றபின் மறுபடி கழற்றிப் பார்த்தால் அதன் நிறமே பாடத்தைச் சொல்லும்: சரியான கலவைக்கு வெளிர் செம்பழுப்பு, பெட்ரோல் மிகுந்தால் கரிக்கறுப்பு, குறைந்தால் சாம்பல் வெண்மை.

மேலே கூறிய டிரைவர் பின்னர் வேறொருவரிடம் வண்டி ஓட்டினார். அவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி எப்போதும் இருக்கும்; அவர் பீடி பிடிக்கிறவர் அல்லர். அதற்குள் பஞ்சு வைத்து இரண்டு ஜெட்டுகளைப் பத்திரப்படுத்தியிருந்தார். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, எஞ்சின் ஆறும்வரையில் ஒரு டீ குடித்துவிட்டு, தம் கையாலேயே சமவெளி ஜெட்டை மாற்றிப் பூட்டிக்கொண்டு ஆரணிக்குப் புறப்படுவார்.